வள்ளிச்செருப்பு

மூணாறுக்கு வந்த புதிதில், நான் வேலைக்குச் சேர்ந்த சுற்றுலா விடுதியின் சலவை அறையில் என் ஊர் எதுவென்று கேட்டார்கள். "கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டி" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாயாம். பாதிச் சொற்கள் நம்முடையவை போலவே இருப்பதால் ஊரில் இருக்கும் நீங்கள் இந்த மொழியை எளிது என்கிறீர்கள். எனக்கு அந்தப் பாதிதான் பயம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, விடுதிக்குக் கீழே எஸ்டேட் ரோட்டில் மண் சரிந்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு என் அக்கா வள்ளி நடந்து போகிற வழி அது. அவள் போன் அணைந்திருந்தது. ஓடினேன். சேற்றில் இறங்கித் தேடிக்கொண்டிருந்த ஒரு மலையாளி நிமிர்ந்து கத்தினார்: "ஒரு வள்ளிச்செருப்பு கிட்டி!"

வள்ளியின் செருப்பு கிடைத்துவிட்டது என்றுதான் என் காதில் விழுந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா செத்த பிறகு எனக்குத் தலைவாரி, சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். கல்யாணம் முறிந்து நான் தனியாக நின்றபோது, "இங்க வாட்டி, பொழைச்சுக்கிடலாம்" என்று இந்த மலைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். அந்த ஆள் மேலேறி வந்து நீல ரப்பர் செருப்பு ஒன்றை நீட்டினார். அக்கா போடுவதும் அதே மாதிரிதான்.

மேல்ரோடு சுற்றி வந்த ஒரு ஜீப்பிலிருந்து அக்கா குதித்து இறங்கினாள். "ஏட்டி, எதுக்கு இப்பிடி அழுவுத? போன்ல சார்ஜ் இல்லட்டி!"

அவளைக் கட்டிக்கொண்டு, வள்ளி செருப்பு கிடைச்சுதுன்னு இவர்தான் சொன்னார் என்று கைகாட்டினேன். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. செருப்பின் வாரைத் தொட்டு, "வள்ளின்னு பறஞ்ஞா இதா, ஈ வாறு" என்றார். வள்ளி என்றால் கொடி. கொடிபோல வளைந்து காலைப் பிடிப்பதால் வாரும் வள்ளி. நம்மிடமும் அந்தப் பொருள் வள்ளிக்கிழங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லோர் காலிலும் கிடக்கும் சாதாரண ரப்பர் செருப்புக்கு மலையாளத்தில் பெயரே வள்ளிச்செருப்புதான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். செருப்பைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவர் மனைவியின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வந்துருவாங்க அண்ணே, வந்துருவாங்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தன் மொழியில் ஏதோ பதில் சொன்னார்.

சாயங்காலம் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. அக்கா எழுந்து போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அந்தச் செருப்பை வைத்துச் சிரித்த எனக்கு அவர்களோடு போய் உட்காரக் கூசியது. விடுதிக்குத் திரும்பவும் கால் வரவில்லை. ரோட்டோரம் மழையில் நின்றுகொண்டிருந்தேன்.