சூப்பர்வைசரின் தூக்குவாளி

அந்த எவர்சில்வர் தூக்குவாளியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மன்னார்புரத்தில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சற்றுத் தள்ளி, பிளீச்சிங் பவுடர் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று உண்டு. அங்கே குளோரின் கசிந்தால், ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார் அதன் சூப்பர்வைசர். ஒரு கையில் இருமுகிறவரின் தோள், மறு கையில் தூக்குவாளி நிறையப் பால். மூடியில் அவர் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரமாம்.

பால் குடித்தால் கேஸின் விஷம் முறிந்துவிடும் என்பது அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் நம்பிக்கை. கேஸ் போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! இருமலோடு குடித்தால் புரையேறித் தொலையும். அதைவிடக் கொடுமை, கேஸ் ஊறிய சட்டையோடே எல்லாரையும் அடைத்து, வேன் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வருவார். "காத்து பட்டா இருமல் ஜாஸ்தியாகுதுங்க சிஸ்டர்" என்று விளக்கம் வேறு. சட்டைகளைக் கழற்றவைத்து, கண்களைக் கழுவி, ஆக்ஸிஜன் வைப்பதற்குள் என் தொண்டையே எரியும். ஆனாலும் தன் ஆட்களை விட்டு அவர் ஒரு நிமிஷம் நகர மாட்டார். அதனால் முழுசாகத் திட்டவும் முடியாது.

ஒரு நாள் காலை இரண்டு பேரைக் கொண்டுவந்தார். உள்ளே போய் அவர்களை இழுத்து வந்ததும், வால்வை மூடியதும் அவர்தான் என்று டிரைவர் சொன்னார். அவரையும் படுக்கச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். பால் குடிச்சிட்டேன்."

"இப்ப ஒண்ணும் தெரியாது சார். நேரம் போகப் போகத்தான் நெஞ்சுல நீர் கோத்துக்கும். உட்காருங்க."

"சரிங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். மற்ற இருவரையும் கவனித்துவிட்டுத் திரும்பினால், என்றும் நகராதவர் அன்றைக்கென்று ஆளைக் காணோம். போன் செய்தால், ஸ்ரீரங்கத்தில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம்! சாயங்காலம் அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்தார். வாயில் நுரை, உதடெல்லாம் நீலம். எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அவர் இழுத்து வந்த இருவரும் நன்றாகி வீட்டுக்குப் போனார்கள். இறந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு இன்னும் தீரவில்லை.

போன வாரம் மறுபடியும் அதே கம்பெனி வேன். இப்போது மாஸ்க் எல்லாம் வாங்கியிருக்கிறார்களாம். திருடு போய்விடும் என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இருமுகிற ஒருவரைத் தாங்கிக்கொண்டு புது சூப்பர்வைசர் இறங்கினார். கையில் அதே தூக்குவாளி, மூடியில் அதே பெயர்.

"பழைய சார் இருந்தப்ப இப்படித்தான் கொண்டு வருவாங்க" என்றார். அவர் சட்டையிலும் குளோரின் நெடி.

"நீங்களும் உள்ள போனீங்களா?"

"வால்வை மூடத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்."

தூக்குவாளியைப் பிடுங்கி, பாலை வாஷ் பேசினில் கவிழ்த்தேன். மூடியில் இருந்த பெயரை அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன்.

"இவரும் இதையேதான் சொன்னாரு. சட்டையைக் கழட்டுங்க."

கழற்றிவிட்டுப் படுத்தார். சாயங்காலம் வரை, வெறும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வார்டு வாசலை விட்டு நான் நகரவில்லை.