என் போன் மட்டும் அடிக்கவில்லை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கலஹாவில் ஆட்டோ ஓட்டுகிறேன். என் மனைவி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அந்த வேலையில் எனக்கு விளங்கிய அளவை எழுதுகிறேன்.

இன்டர்நெட் பக்கங்களைத் திறக்கிற பிரவுசருக்குள் ஓர் எஞ்சின் இருக்கிறது. பக்கத்தில் எழுதியிருக்கும் கட்டளைகளை அதுதான் ஓட்டும். எல்லா பிரவுசருக்கும் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. அவள் வேலை செய்கிற கம்பனியின் எஞ்சினில் அந்தச் சட்டத்தில் இல்லாத வசதிகள் சில பழைய நாளிலிருந்து கிடந்தன. அவற்றைக் கழற்றுவது அவள் வேலை.

"ஆட்டோல நாங்களா கூட்டிப் போட்ட லைட்டு மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதேதான். ஆனா நீங்க கழட்டினா லைட்டு மட்டுந்தான் போகும். நான் கழட்டினா எங்கயோ யாரோ செஞ்ச பக்கம் நின்னுரும்."

எங்கள் ஸ்டாண்டில் ஒன்பது ஆட்டோ. பஜாரில் முன்னால் ஒன்றுதான் நிற்கலாம். மற்றவை மாதா கோயிலுக்குப் பின்னால் சரிவில் நிற்கும். அங்கிருந்து பஜார் தெரியாது. கோயிலடியில் ஹாரன் அடிக்கவும் கூடாது. கல்யாணமான புதிதில், இவள் இந்த வேலையைப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்காக ஒரு பக்கம் செய்தாள். சரிவுக்கு வந்ததும் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரிசையில் சேரலாம். முறை வந்ததும் போன் மணி அடிக்கும். மேலே ஏற வேண்டியதுதான். அந்தப் பக்கம் ஒரே ஒரு பிரவுசரில்தான் ஓடும். ஒன்பது போனிலும் அதை அவளே போட்டுக் கொடுத்தாள்.

முறைக்காரனைத் தாண்டி யாரும் மேலே ஏறுவதில்லை. அது எங்கள் சட்டம்.

பிறகு அதே பிரவுசர்காரர்களிடம் அவளுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியாகாத புதுப் பிரவுசரை முதலில் என் போனில் போடுவாள். "உப்பு பாக்கிறது நீங்கதான்" என்பாள்.

போன வருடம் ஒரு மழை நாள். ஆட்டோவில் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஜாரில் ஒரு டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு அரை மணித்தியாலம் குடை பிடித்து நின்றிருக்கிறார். முறை என்னுடையது. என் போன் அடிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஏழு ஆட்டோ. ஒருவரும் அசையவில்லை. கடைசியில் டீச்சரே சரிவில் இறங்கி வந்தார்.

"என்ன, எல்லாரும் ஜெபத்துல இருக்கீங்களா?"

எனக்குப் பின்னால் நிற்பவர் எங்களில் மூத்தவர். எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். "முறை தம்பிட. அவரத் தாண்டி நாங்க எப்புடிப் போற?" என்றார்.

அன்று பின்னேரம் மனைவி சந்தோஷமாக இருந்தாள். முதல் முறையாக அவளை நம்பித் தனியாக ஒரு வேலை கொடுத்திருந்தார்கள், அதை முடித்திருந்தாள்.

"ஒரு எண்ணு மாறினா, மாறிருச்சின்னு தானா கூப்பிட்டுச் சொல்ற வசதி ஒண்ணு இருந்திச்சி. அத எடுத்திட்டேன். இப்ப புதுசுல மட்டுந்தான். ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாப்பாங்க. யாராவது அத நம்பி இருக்கோம்னு வந்தா திருப்பிப் போட்டுருவாங்க. என்ட மூணு மாச வேலையும் போயிரும்."

வரிசையில் என் எண் ஒன்றாக மாறினால்தான் மணி. எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பழைய பக்கம் நினைவிலேயே இல்லை.

தேத்தண்ணியைக் குடித்தேன். "நல்லது" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பர் வாசிக்க முடியாது. கண்ணை மூட முடியாது. இரண்டாம் நாள் நானா கவனித்துவிட்டார். என் முறை வந்தால் இறங்கி வந்து ஆட்டோ ஹூட்டில் இரண்டு தட்டு தட்டுவார்.

"நானா, வீட்டுல சொல்லிராதீங்க."

"என்னத்த? ஒங்கட போன் செவிடாப் போய்த்து எண்டா?"

சொல்லிவிட்டார். மனைவி தபால் கந்தோருக்குப் போக அவருடைய ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். "தங்கச்சி, மாப்புள்ளைக்கி இப்ப நாந்தான் மணி" என்றாராம்.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"எத்தன நாளா அடிக்கல?"

"பதினொரு நாள்."

"ஏன் சொல்லல?"

"யாராவது சொன்னா திருப்பிப் போட்டுருவாங்கன்னு நீதானே சொன்னே."

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்துக்கு அவள் எழுதியதைத் திறந்தாள். மேலிருந்து கீழே வாசித்தாள்.

"இத எழுதின கழுத கையில கெடச்சா..."

"கழுதைக்கி அப்ப கல்யாணமாகி நாலு மாசம்."

முறைத்தாள். பிறகு சிரித்தாள்.

நான் போட்ட தேத்தண்ணி ஆறுவதற்குள் திருத்தி முடித்தாள். "எண்ண மாத்திற எடத்துலயே மணிய அடிக்கச் சொல்லிட்டேன். இனி எந்தப் பிரவுசர்லயும் அடிக்கும்" என்றாள். அதோடு விடவில்லை. தன் மேலாளருக்கும் எழுதினாள். அந்த வசதியை நம்பியிருந்த பக்கம் ஒன்று இருந்தது, அது நான் செய்தது, ஒன்பது சாரதிகள் பாவிக்கிறார்கள், மணி அடிக்காததால் ஒரு டீச்சர் மழையில் காத்து நின்றார், திருத்திவிட்டேன் என்று.

"எழுதாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"நீங்க மறைச்சீங்க. நானும் மறைக்க ஏலாது."

இரண்டு நாள் பதில் இல்லை. ஒரு நாள் சோறு அடிப்பிடித்தது. சாப்பிட்டேன். மூன்றாம் நாள் லெப்டொப்பைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"எடுத்தது எடுத்ததுதானாம். திருப்பிப் போட மாட்டாங்களாம். அந்த டீச்சர் நனைஞ்சாங்களான்னு கேக்கிறாங்க."

"குடை இருந்திச்சின்னு எழுது."

எழுதினாள்.

பிறகு புதுப் பிரவுசர் எல்லோருக்கும் வந்தது. ஒன்பது போனும் அடிக்கின்றன. என்னுடையதும்தான். ஆனாலும் என் முறை வந்தால் நானா இறங்கி வந்து ஹூட்டில் இரண்டு தட்டு தட்டுகிறார்.

"போன் அடிச்சது நானா."

"தெரியும். ஏறுங்கோ."