கேரளாவைத் தொட்டுவிட்டு

என் தம்பி செத்துப்போன அருவியின் பெயர் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்கள் குற்றாலமா என்றார்கள். இல்லை என்றால் ஒகேனக்கல்லா என்றார்கள். உடுமலைக்கு மேலே தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் எல்லையாக ஓர் ஆறு ஓடுகிறது, அதில் ஒரு சின்ன அருவி என்று நான் சொல்வேன். கேள்விப்பட்டதே இல்லையே என்பார்கள். பேர் தெரியாத இடத்தில் போய்ச் செத்தது அவன் குற்றம் என்பது போல இருக்கும் அந்தக் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

எங்கள் வீடு வைகைக் கரையில் இருந்தது. தொண்ணூறுகளில் அங்கே வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் மணல்தான். பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓரத்தில் வெளுத்த துணி காயும், எருமைகள் படுத்திருக்கும். அக்கரையில் வேலை இருந்தால் யார் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவது? குறுக்கே நடந்துவிடுவோம். சித்திரையில் அழகர் இறங்குவதற்காகத் திறந்துவிடும் தண்ணீரைக் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்ப்போம். என் தம்பிக்கு நீச்சல் தெரியாது. எங்கள் தெருவில் எவனுக்கும் தெரியாது.

பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் கூட்டாளியோடு அந்த அருவிக்குப் போனான். அந்தக் கூட்டாளி பக்கத்துத் தெருப் பையன். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டதால் என் அம்மா அவனுக்கு அத்தை ஆகிவிட்டாள். பாதி நாள் அவனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவன் தட்டு என்றே தனியாக ஒன்று இருந்தது. தம்பியின் உடலை வேனிலிருந்து இறக்கியபோது அவனும் கூடவே இறங்கினான். அம்மா தெருவுக்கு ஓடி, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவன் தலையில் தூற்றினாள்.

"எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போயி தண்ணிக்குள்ள தள்ளிட்டு, நீ மட்டும் வந்து நிக்கிறயே. நீ வெளங்குவயாடா?"

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவன் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. பரீட்சையில் தேறவில்லை என்று கேள்விப்பட்டோம். வயிறெரிந்து தூற்றிய மண் சும்மா விடுமா என்று ஊர் பேசியது. அவனைப் பெற்றவள் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனாள். அம்மா அசையவில்லை. அருவியில் பையன்கள் குடித்திருந்தார்கள் என்று ஒருவர் சொல்வார், சண்டை போட்டார்கள் என்று இன்னொருவர் சொல்வார். அம்மா எல்லாவற்றையும் நம்பினாள். உண்மையைச் சொன்னால் நானும்தான் நம்பினேன்.

வருஷத் திதி நெருங்கியபோது, அந்த இடத்தைப் பார்க்காமல் திதி கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா இல்லாத வீடு. கூட்டிப் போக நான்தான். வழி தெரிந்தவனோ அவன் ஒருவன். அவனியாபுரத்தில் லேத் பட்டறை ஒன்றில் வேலையில் இருந்தவனைத் தேடிப் போய்க் கேட்டேன். "அத்தை என் மூஞ்சியப் பாக்குமாக்கா?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன்.

விடியும் முன்னே பஸ் ஏறினோம். பழனி, உடுமலை என்று மாறி மாறிப் போனபோதெல்லாம் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள், அவன் கடைசி சீட்டில். செக்போஸ்ட்டில் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வனத்துறை வாட்சர் ஒருவர் எங்களோடு வந்தார். முள்ளுக்காட்டு ஒற்றையடிப் பாதையில் அவனை ஒட்டி நானும், என்னை ஒட்டி அம்மாவும் நடந்தோம்.

அந்த வருடம் மழை குறைவு. இரண்டு தென்னை உயரத்திலிருந்து கரும்பாறை மேல் மெல்லிசாகத் தண்ணீர் விழுந்தது. கீழே, கல்லெறிந்தால் அக்கரையில் விழும் அளவுக்குத்தான் ஆறு. கரையோரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் கூழாங்கல் தெரிந்தது. அம்மா ஒரு வருடமாகக் கடல் போல ஒன்றை மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இம்புட்டுத் தண்ணிக்கா எம்பிள்ளையக் குடுத்தேன்?"

பிறகு அவன் பக்கம் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டாள். ஒரு வருடத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவன் சொன்னான். இருவரும் குளித்துவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். அப்போது தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூட. அக்கரை எந்த ஊர் என்று தம்பி கேட்டிருக்கிறான். கேரளா என்று இவன் சொல்லியிருக்கிறான்.

"'கேரளாவத் தொட்டுட்டு வாரேன் மாப்ள'ன்னான் அத்தே. நம்ம வைகையில நடக்குற மாதிரிதான் நடந்து போனான். நடுவுல பள்ளம் போல, ஆளக் காணோம். எனக்கும் நீச்சல் தெரியாது. துண்ட வீசுனேன். எட்டல."

அம்மா அக்கரையைப் பார்த்தாள்.

"தொட்டானா?"

"அந்தக் கரையிலதான் ஒதுங்கிக் கெடந்தான் அத்தே."

அம்மா குனிந்து ஒரு கை மணலை அள்ளினாள். எனக்கு உயிரே போய்விட்டது. வாட்சர்கூட ஓரடி முன்னால் வந்தார். அவன் மட்டும் நகரவில்லை. அன்றைக்குத் தெருவில் நின்றது போலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்மா தண்ணீருக்குள் கையை விட்டு விரல்களை விரித்தாள். மணல் முழுக்க நழுவிப் போகும்வரை அப்படியே வைத்திருந்தாள். பிறகு அந்த ஈரக் கையால் அவன் தலைமுடியைத் தட்டித் தட்டிவிட்டாள், மண் இன்னும் அங்கேயே இருப்பது போல. அவன் வாய்விட்டு அழுதான்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நெஞ்சு லேசாகிவிடவில்லை. அதுவரை கோபப்படவாவது ஓர் ஆள் இருந்தான். இனி யார் மேல் கோபப்படுவது? காலடியில் ஓடுகிற இந்தத் தண்ணீர் மேலா, ஊரில் கிடக்கிற அந்த மணல் மேலா?

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பொழுது சாயும் நேரத்தில், மதுரைக்குள் நுழையும் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. கீழே ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். எவனோ ஓங்கி அடித்த பந்து அக்கரை வரைக்கும் போனது. ஒருவன் அதை எடுக்க மணலில் குறுக்கே ஓடினான்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னது அவள் காதில் விழவில்லை. அந்தப் பையன் அக்கரை போய், பந்தை எடுத்துக்கொண்டு இக்கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"வந்துட்டான்" என்றாள்.