நாலு ஊர் ரத்தம்

ஆபரேஷனில் உடம்பைத் தளர்த்தப் போடும், மற்றவர்களை ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும் ஊசி எங்கள் அழகிரிசாமி மாமாவை மட்டும் ஏன் சாயங்காலம் வரை விடவில்லை? 2001இல் எனக்கு இதற்குப் பதில் தெரியாது.

மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அது முடிந்தும் மூச்சு திரும்பவில்லை. நர்சுகள் மாறி மாறி ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைச் சந்தையில் விற்றதால் வந்த வினை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். மாமா மகள் முத்துசெல்விக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்ததால் யாரும் வெளியே மூச்சுவிடவில்லை.

அடுத்த வருஷம் மாமாவின் தங்கை, என் சித்தி சொர்ணத்தாய்க்குக் குடல்வால் வீங்கிவிட்டது. இடைசெவல் பக்கம் கரிசலில் ஆடு மேய்ப்பவர். ஆட்டை ஏசுகிற மாதிரிதான் மனிதரையும் ஏசுவார். பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா அலைந்த நானும் மாமாவும் அவரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம்.

மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது மயக்கம் கொடுத்தப்போ பிரச்சினை வந்திருக்கா?"

"ஒண்ணுமே கெடையாது சார்" என்று மாமா முந்திக்கொண்டார்.

சுருண்டு கிடந்த சித்தி தலையைத் தூக்கினார். "ஏண்ணே, ஒனக்குப் பைய அமுக்குனாவளே, என்ன, சைக்கிளுக்குக் காத்தா அடிச்சாவ?"

"சும்மா கெடட்டீ! செல்வி கல்யாணம்..."

"நான் செத்துட்டா அவ கல்யாணத்துல குலவை யாரு போடுவா?"

அதைக் கேட்ட டாக்டர், மாமாவுக்குப் போட்ட அந்த ஊசியையே தவிர்த்தார். கதவு திறக்கும்போதெல்லாம் நாங்கள் எழுந்து எழுந்து நின்றோம். கடைசியில் சித்தி தானாக மூச்சுவிட்டபடி வெளியே வந்தார்.

ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த மருந்தைக் கரைக்கிற சத்து அண்ணன் தங்கை இருவர் ரத்தத்திலும் இல்லை. கூடப்பிறந்த என் அம்மாவுக்கு மட்டும் சரியாக இருந்தது. "பொண்ணு எங்க எடுப்பீங்க?" என்றார் டாக்டர். எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் நாலே ஊருக்குள்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்தக் குறை வெளியே தெரியுமாம். வெளியில் அபூர்வமானது, எங்களுக்குள்ளேயே கட்டிக் கட்டி எங்களிடம் சேர்ந்திருக்கிறது.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். மாமா இன்றுவரை சித்தியோடு பேசுவதில்லை. கேட்டால், "பேசாட்டிப் போறாரு. நான் மூச்சு விடுதேம்லா" என்கிறார் சித்தி.

நாலு ஊரில் இன்னும் யார் யாருக்கு இது இருக்கிறதோ, தெரியாது. அதுதான் எனக்குப் பயம். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனில் மூச்சுத் திரும்பத் தாமதமாகியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத சொந்தக்காரர்களிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.