யாரும் தொடாத வத்தை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், பலரும் படிக்கிற இடத்தில் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுறா எண்ணெயின் வாடை முதலில் மூக்கைக் குத்தும்; கொஞ்ச நேரம் போனால் அதுவே வீட்டு வாடையாகிவிடும். கட்டுமாவடிக் கரையில் எங்கள் பழைய படகுக்கு அந்த எண்ணெயைப் பூசிப் பூசிப் பலகையெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டதால் அதற்குக் "கருப்பி" என்று பெயர். பாய் கட்டி ஓடுகிற அந்த மாதிரிச் சின்னப் படகை எங்கள் பக்கம் "வத்தை" என்போம். அப்பாவும் சித்தப்பாவும் கல்யாணத்துக்கு முன்னால் தெற்கே போய், விலைக்குக் கிடந்த படகுகளையெல்லாம் கடலில் இறக்கிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று ஒரே வாயாகச் சொல்லி வாங்கி, இருவருமாகவே ஓட்டிக்கொண்டு வந்தது அது. மற்றப் படகுகள் அலையை முட்டும், கருப்பி அலையோடு ஏறி இறங்கும் என்பார் அப்பா. எங்கள் கரையோரம் ஆழமில்லாத சேற்றுக் கடல். மற்றவை தரைதட்டி நிற்கிற இடத்திலும் அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கரையேற்றியதும் அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் "கொட்டலசை"ச் சுரண்டுவது என் வேலை. அந்தச் சுண்ணாம்பு ஓடுகள் விரலைக் கிழித்தாலும் அந்த வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பங்கு பிரிக்க வேண்டி வந்தது. அடுப்பு ஏற்கெனவே இரண்டாகியிருந்தது. கடல் சாமான்கள் மட்டும் பொதுவில் இருந்தன: கருப்பியும், அதைவிடப் பெரிதாகப் புது மரத்தில் கட்டிய இன்னொரு வத்தையும், வலைகளும். எங்கள் வழக்கப்படி அண்ணன் கூறு போட வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். கூறு போடுகிறவனே முதலில் எடுப்பதில்லை என்பதால் அதில் வஞ்சனை வராது என்பார்கள்.

அப்பாவுக்குக் கருப்பி வேண்டும். அதை வெளியில் காட்டினால் தம்பியின் கண்ணும் அதன்மேல் விழுந்துவிடும் என்று பயந்தார். எங்களைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், "கூறு முடியிற வரைக்கும் ஒருத்தரும் கருப்பிகிட்டப் போகப்படாது. ஓட்டை, ஒடசல்னே பேசணும்" என்றார். சித்தப்பாவின் கை பெரிய வத்தைப் பக்கமே போக வேண்டும் என்று வலைகளையும் அந்தக் கூறிலேயே சேர்க்கப்போவதாக அவர் சொன்னதும் ஆத்தா, என்னைப் பெற்றவள், குறுக்கே வந்தாள்.

"வலையெல்லாம் அங்கிட்டுப் போயிட்டா, வெறுங்கட்டையைக் கடல்ல விட்டு என்னத்தை அள்ளுவீக? புள்ளைகளுக்கு எதைப் போடுறது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுவாரம் கிணற்றடியில் சின்னாத்தா, அதாவது சித்தப்பாவின் மனைவி, என்னை மடக்கினாள். "என்னடி, கருப்பி மேலயே கெடப்ப, இப்ப அந்தப் பக்கமே காணோம்?"

"அது நாறுது சின்னாத்தா" என்றேன், வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு.

"ஆமாமா, நாறத்தான் செய்யிது" என்று அவளும் அவசரமாகச் சொன்னாள். அந்த அவசரம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அவள் பிள்ளைகளும் அங்கே போவதில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை. கருப்பிக்குள் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, இறைக்க ஆளில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "ஏம்ப்பா, பேய் புடிச்ச படகா அது? வேணாமுன்னாச் சொல்லுங்க, என் கோழிகளையாச்சும் அடைச்சுக்கிறேன்" என்று உரக்கச் சொன்னார். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

கூறு போடுகிற அன்று ஊரே கரையில் நின்றது. அப்பா பெரிய வத்தையின் முன்னால் வலைகளைக் குவித்தார். புதுப் பாயையும் வைத்தார். கருப்பியின் முன்னால் பழைய பாயும் ஒரு துடுப்பும் மட்டும் கிடந்தன. ஊர்ப் பெரியவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "கூறு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கேப்பா" என்றார்.

"சின்னவன்தானே, நல்லா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா.

"அண்ணன்னா இவன்ல அண்ணன்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. ஆத்தா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடந்தார். பெரிய வத்தையைச் சுற்றி வந்தார். வலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். அங்கேயே நில்லுங்கள், அங்கேயே நில்லுங்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நின்றார். பிறகு விறுவிறுவென்று நடந்துபோய்க் கருப்பியின் முன்மூக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"எனக்கு இது போதும்ணே."

தொட்டால் தொட்டதுதான், அதற்குமேல் பேச்சில்லை. "அடடா, அண்ணனுக்கே விட்டுக் குடுத்துட்டானய்யா!" என்று கூட்டம் இப்போது தம்பியைப் புகழ்ந்தது. சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கை மட்டும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தடவுவதுபோல, அந்தக் கருத்த பலகையைத் தடவிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் சின்னாத்தாவின் அவசரம் எனக்கு விளங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வாயை மூடு. வலை நமக்கு வந்துருச்சு" என்றாள் ஆத்தா என் காதோரம். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இப்போது அந்தக் கரையில் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. வத்தையும் இல்லை, பாயும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று இருவரும் ஒன்றைத்தான் விரும்பினோம் என்று கடைசிவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூறு போட்ட மறுநாள் விடியலில் அப்பா பெரிய வத்தையில் கடலுக்குப் போனார். கருப்பி கரையில் கிடந்தது. சித்தப்பாவிடம் வலை இல்லை.