பிரிக்காமல் வாங்கிய காமிக்ஸ்

பிள்ளைகளே, நான் வீரசோழன் ஊர்க்காரன். மலேசியாவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறேன். போன தடவை ஊருக்குக் கிளம்புவதற்கு முன், நாலாவது படிக்கும் என் மகள் போனில், "அத்தா, எல்லாரும் சாக்லேட்டுதான் கொண்டு வாராக. நீங்க அந்த ஊரு காமிக்ஸ் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

லீவு நாளில் கால்வலியோடு பஸ் மாறி அலைந்து, ஒரு காமிக்ஸ் கடையைக் கண்டுபிடித்தேன். மலாய் கொஞ்சம் பேசுவேன், படிக்க வராது. அட்டையில் அழகான பூனைக்குட்டி இருந்த புத்தகத்தை எடுத்தேன். மேலே பிளாஸ்டிக் உறை. பிரித்துக் கொண்டுபோனால் ஊரில் பழசு என்பார்கள், அதனால் பிரிக்கவில்லை.

சாமான் கட்டும்போது, என்னோடு தங்கியிருக்கும் பந்தல்குடி முருகன் உறையைக் கிழித்துப் புரட்டிப் பார்த்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது.

"ஏலே, பிள்ளைக்குப் புதுசா குடுக்க வச்சிருந்தேன்."

"குடு. ராத்திரி பிள்ள அலறுனா நீயே எந்திரிச்சுப் பாரு" என்று ஒரு பக்கத்தைக் காட்டினான். அந்தப் பூனை ஓர் ஆளின் தலையைக் கவ்விக்கொண்டு போனது. புத்தகத்தை அவனிடமே விட்டுவிட்டேன்.

மறுபடி கடைக்குப் போக நேரமில்லை. சாக்லேட்டோடுதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். நடந்ததைச் சொன்னதும் மகள், "படக்கதைய யாராச்சும் படம் பாக்காம வாங்குவாகளா, அத்தா?" என்றாள்.

மலேசியா திரும்பிய பிறகு, இப்போதெல்லாம் கடையில் பிரித்துக் காட்டச் சொல்லி, நின்றபடியே கடைசிப் படம்வரை பார்க்கிறேன். பிறகு அந்தக் கதையைப் போனில் அவளுக்குச் சொல்வேன். பாதியில் நிறுத்தும்போது, "ம், பெறகு?" என்று கேட்டாளானால், அடுத்த லீவு நாளில் மறுபடி பஸ் ஏறிப் போய் வாங்குகிறேன்.