ஆள் நிற்க ஓர் இடம்

ரேணிகுண்டாவில் ரயில் கிளம்பியதுமே எதிர்சீட்டுக்காரர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. நகக்கண்ணில் பட்டறைக் கிரீஸ். பழைய துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றுக்குச் சொந்தமாக மேப், அதாவது ஆட்டம் நடக்கும் களம், செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுவரையும் வைத்ததும் ஒரு கண்ணை மூடி, கொத்தனாரைப் போல நேர் பார்ப்பார்.

"எங்க நைனா கட்டின வீடு சார். அதே மாதிரி கட்டிக்கினு வரேன். ஆனா கேம் ஓட மாட்டேங்குது."

திரையில் வந்த எச்சரிக்கையைப் படித்தேன். ஆடுகிறவர் முதலில் எங்கே நிற்பார் என்று அவர் குறிக்கவே இல்லை.

"உங்க ரூம்லயே நிறுத்துங்களேன்."

"பாகம் பிரிச்சப்போ ரூமெல்லாம் தம்பிங்களுக்குப் போயிடுச்சி."

வெகுநேரம் யோசித்துவிட்டு ஆளைத் தெருவில் நிறுத்தினார். கேம் ஓடியது. கேமுக்குள் வீட்டு வாசல்வரை நடந்தார். கதவு அசையவில்லை.

"கதவுன்னு சுவரைத்தான் வெச்சிகீறேன். தெறக்கிற மாதிரி செய்ய இன்னும் கத்துக்கல."

சுலபம்தான், சொல்லித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் சார். இதான் சரியா கீது."

புத்தூரில் நான் இறங்கும்போதும் திரையில் அந்தக் கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.